நாற்றங்காலில் விஷம்

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் போய்ப் பார்த்தாள்.

நிழல்வலைக்குக் கீழே, எலுமிச்சைக் கன்றுகளுக்கு நடுவில், அவள் கணவர் மல்லாந்து கிடந்தார். கையில் ரப்பர் குழாய். தண்ணீர் அவர் தோளைச் சுற்றி வளைந்து சரிவைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் நேராகப் போய்க் குழாயை மூடினாள். அதற்கப்புறம்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாரடைப்பு. குளிர்காலத்தின் கடைசி வாரம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்கிறமாதிரி.

துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சாவைவிடக் குழாய்தான் பெரிய செய்தி. "புருஷன் கீழே கிடக்கிறான், இவ தண்ணி வீணாகுதேன்னு முதல்ல பைப்பை மூடியிருக்கா!" கூடத்து மூலையில் குசுகுசுத்தது அவள் காதில் விழுந்தது. விழுந்து, எங்கேயும் படாமல், அந்தப் பக்கமாகப் போய்விட்டது.

அவள் அழவில்லை. அடக்கிக்கொள்ளவும் இல்லை. வந்தால்தானே அடக்குவதற்கு? பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அப்போது கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிறமாதிரி இருக்குமே, அப்படி இருந்தாள். தலை முதல் கால் வரை.

செடிகளுக்குத் துக்கம் கிடையாது. விடிந்தால் தாகம் மட்டும் உண்டு. எல்லாரும் புறப்பட்டுப் போன காலையில் அவள் பூவாளியை எடுத்துக்கொண்டு வலைக்குள் போனாள்.

*

"அண்ணி, நேரா விஷயத்துக்கு வர்றேன். கோபப்படக் கூடாது" என்றான் மெக்கானிக்.

அவள் கணவரின் தம்பி. டவுனில் வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நகக்கண்ணில் கிரீஸ் போகாத மனிதன். நிலம் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்தது; அண்ணன் உழைத்தார், தம்பி சண்டே சண்டே வந்து குறை சொன்னான்.

"கோபப்படல, சொல்லுங்க தம்பி."

"பைபாஸ் ரோட்டுல கோடவுன் கட்டுறாரே, அவர் கேட்கிறார். நீண்ட கால லீஸ். நர்சரி, பின்னாடி நிலம், இந்த வீடு, எல்லாத்தையும் சேர்த்துத்தான் வேணுமாம். பாதி கொடுத்தா வேண்டாமாம். எங்க வீட்டு மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு. நீங்க அங்க வந்துடுங்க. ஒரு வேலையும் செய்ய வேண்டாம். ராணி மாதிரி இருக்கலாம்."

அவள் டம்ளரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தாள்.

"நான் ஒண்ணும் வில்லன் இல்ல, அண்ணி. உடனே வேணும்னு சொல்லல. வர்ற மழைக்காலம் பாருங்க. நாத்து நல்லபடியா வித்து, சீசன் நட்டமில்லாம நின்னுச்சுன்னா, நர்சரி உங்களோடது. நான் வாயைத் திறக்க மாட்டேன். நிக்கலன்னா கோடவுன். சரிதானே?"

"சரி."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

அவள் யோசிக்கவில்லை. நாளைக்குத் தூக்கில் போடலாமா என்று கேட்டிருந்தாலும் அதே குரலில் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.

அந்த வாரம்தான் பக்கத்து நிலத்து மாட்டுக்காரர் டிராக்டரோடு வந்து நின்றார். இருபது மாடு வைத்திருக்கிற மனிதர், இருபது வார்த்தை பேச மாட்டார். அவருக்கும் அவள் கணவருக்கும் வேலித் தகராறு. ஒரு பசு உள்ளே புகுந்து ஒட்டுச்செடியெல்லாம் மேய்ந்துவிட்டதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இப்போது டிரெய்லர் நிறைய மட்கிய எரு. கறுப்பாக, பொலபொலவென்று, வாசனைகூட இல்லாமல்.

"தங்கச்சி, இதை வச்சுக்கோ. அவர்கிட்ட நான் பேசாமலே இருந்துட்டேன்."

அவ்வளவுதான். கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

*

கோடையில் நர்சரியில் விற்பனை படுத்துவிடும். வேலை நிமிர்ந்து நிற்கும். காலையும் மாலையும் தண்ணீர். கிழிந்த வலைக்குத் தையல். காய்ந்த எருவைச் சல்லடையில் சலித்து, மண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்து, மழைக்கால நாற்றுக்குக் கலவை தயார் செய்ய வேண்டும். கலவைதான் நர்சரிக்காரரின் சமையல். அதில் உப்புக் கூடினால் சாப்பிடுகிறவன் ஒருவன் இல்லை, ஊரே முகம் சுளிக்கும்.

அவளோடு வேலை செய்தவள் ரேடியோ. அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. அது யாருக்கும் ஞாபகம் இல்லை. காலையில் கேட்டைத் திறக்கும்போது ஆன் ஆனால் சாயங்காலம் கேட்டைச் சாத்தும்வரை ஆஃப் கிடையாது. டிரேயின் குழிகளில் கலவையை நிரப்பிக்கொண்டே பேசுவாள். கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம்.

"அக்கா, ஒரே ஒரு தடவை அழுதுடுங்க. தண்ணி தேங்கி நின்னா வேர் அழுகிடும், உங்களுக்குத் தெரியாததா?"

"வரலையே."

"வெங்காயம் விதைக்கப் போறோமே, அந்த டிரே மேல குப்புறப் படுத்துப் பாருங்க."

"விதையில காரம் இருக்காதுடி."

"அடேங்கப்பா, பதில் சொல்றீங்களே! நான் சுவத்தோட பேசிக்கிட்டிருக்கேன்னு நினைச்சேன்."

கைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எவ்வளவு ஈரம், எவ்வளவு ஆழம், எந்த விதைக்கு வைக்கோல் மூடாக்கு வேண்டும், எதற்கு வேண்டாம். அவள் கைகளை வேலைக்கு அனுப்பிவிட்டு, தான் எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். தக்காளி, மிளகாய், கத்தரி, வெங்காயம் விதைத்தாள். பின்பக்கத்து நிலத்தில் அதே எருவைப் போட்டு மக்காச்சோளம் ஊன்றினாள். முளைத்தது. தண்ணீர் விட்டாள். சாப்பிட்டாள். எழுந்தாள். இடையில் ரேடியோவின் மகளுக்குப் பிரசவம். ரேடியோ மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள். நர்சரியில் சத்தம் நின்றது. அதைக்கூட அவள் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தாள்.

முதல் மழை பெய்ததும் வண்டிகள் வர ஆரம்பித்தன. மெக்கானிக் தன் லோடு வேனை எடுத்து வந்து அவனே டெலிவரி கொடுத்தான். வாய் முழுக்கக் குறை, ஆனால் உதவிக்கு வந்துவிடுவான். அப்படி ஒரு ரகம். முதல் லோடு தக்காளி நாற்று முழுவதும் தொப்பிக்காரருக்குப் போயிற்று. பெரிய விவசாயி. வருஷா வருஷம் இங்கேதான் வாங்குவார். மழையிலும் வெயிலிலும் கழற்றாத தொப்பிக்குக் கீழே எப்போதும் ஒரு சந்தேகம்.

சீசன் நிற்கும்போலத்தான் தெரிந்தது.

*

தொப்பிக்காரர் திரும்பி வந்தார். இந்தத் தடவை தொப்பி கையில் இருந்தது. அதற்குள் பிடுங்கின செடிகள். மேஜைமேல் கவிழ்த்தார்.

"இது என்னம்மா?"

தக்காளி. ஆனால் தக்காளி மாதிரி இல்லை. தண்டு பாம்புபோல வளைந்திருந்தது. புது இலைகள் விரியாமல், ஒல்லியாக, கிண்ணம்போல உள்பக்கம் மடங்கியிருந்தன. நுனி, விரல்களை இறுக்கி மூடின குழந்தைக் கைபோல.

"வயல் பூரா இப்படி. ஒண்ணு ரெண்டு இல்ல, பூரா! பூ வச்சா பிஞ்சு பிடிக்காது. உன் புருஷன் இருந்தவரைக்கும் ஒரு நாத்து குறை சொன்னதில்ல நான். பத்திரமா வச்சு நட்டதுக்கு எனக்கு விஷத்தைக் கொடுத்திருக்கே!"

விஷம். அந்த வார்த்தை வலைக்கூரை முழுவதும் கேட்டது. அன்றுதான் பேரன் பிறந்த சந்தோஷத்தோடு திரும்பி வந்திருந்த ரேடியோ, டிரே வரிசைகளுக்குள் ஓடினாள். ஓடியவள் அப்படியே நின்றாள்.

"அக்கா... இங்கே இருக்கிறதும் அப்படித்தான் இருக்கு. மிளகாயும். கத்தரியும். நீங்க தினம் தண்ணி விட்டீங்களே, பார்க்கலையா?"

அவள் வந்து பார்த்தாள். ஆமாம். அப்படித்தான் இருந்தது. நேற்று முளைத்ததல்ல இந்தச் சுருட்டல். வெகு நாளாகவே இருந்திருக்கிறது.

"ரெண்டு நாள்ல பதில் சொல்லணும். இல்லன்னா நான் சந்தையில நின்னு எல்லாருக்கும் சொல்லுவேன்" என்று தொப்பியை உதறித் தலையில் வைத்துக்கொண்டு போனார் அவர்.

மெக்கானிக் வந்ததும் விசாரணை ஆரம்பமாயிற்று.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மாட்டுக்காரன்தான். வேலித் தகராறு. ஸ்பிரேயர்ல களை மருந்தை அடைச்சு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு ஒரு வீசு வீசியிருப்பான். மருந்து அடிச்ச செடி இப்படித்தான் முறுக்கிக்கும். அமைதியா இருக்கிறவனைத்தான் நம்பக் கூடாது."

"அப்போ உங்களை நம்பலாம்" என்றாள் ரேடியோ.

"என்ன சொன்னே?"

"பேசிக்கிட்டே இருக்கீங்களே, அதைச் சொன்னேன். நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாள், நீங்க காலங்காத்தால ஸ்பிரேயரோட இந்த வரிசையில நின்னதை நான் பார்த்தேன். சீசன் நிக்கலன்னா யாருக்கு லாபம்? எனக்கா?"

"ஏய்! நாஸில் அடைச்சிருக்குன்னு அண்ணி சொன்னாங்க. கழட்டிச் சுத்தம் பண்ணிக் கொடுத்தேன். வெறும் தண்ணி!"

"தண்ணின்னு தண்ணிக்குத்தான் தெரியும்."

"அண்ணி, இவளை வாயை மூடச் சொல்லுங்க. நான் பொறுமைசாலி இல்ல."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அங்கே இல்லை. வெங்காய டிரேக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

வெங்காயம் நிமிர்ந்து நின்றது. ஊசி ஊசியாக, கரும்பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல்.

தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் ஒரு முழ இடம்தான். காற்றில் மருந்து வந்திருந்தால்? இவ்வளவு கிட்டத்தில் நிற்கிற வெங்காயத்தில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லை. அப்போது இது புல்மாதிரி ஒல்லி இலையை விட்டுவிட்டு, அகல இலையைத் தேடிப் பிடிக்கிற ஏதோ ஒன்று. அவள் எழுந்து பின்பக்கம் போனாள். மக்காச்சோளம் இடுப்புயரம், பளபளவென்று. திரும்பி வந்து எலுமிச்சைக் கன்றுகளுக்குள் நுழைந்தாள். போன வருஷத்துப் பழைய மண் நிரப்பிய பைகள். அதில் ஒன்றில், எந்தப் பறவையோ போட்ட விதை, தானாக முளைத்த ஒரு தக்காளி. நேராக, அழகாக, இலை விரித்து நின்றது.

அதே தண்ணீர். அதே காற்று. அதே நிழல். மண் மட்டும் வேறு.

"யாரும் எதையும் அடிக்கல. கலவையில இருக்கு" என்றாள்.

சண்டை பாதியில் நின்றது.

"எருவுலயா? எரு எப்படி விஷமாகும்?" என்றான் மெக்கானிக்.

"மாட்டுக்காரர் தீவனப் புல்லுக்குக் களை மருந்து அடிச்சிருப்பார். அது புல்லை ஒண்ணும் செய்யாது, மாட்டையும் ஒண்ணும் செய்யாது. சாணியோட அப்படியே வெளியே வந்துடும். எரு மட்கினாலும் அது மட்காது. உங்க அண்ணன் சொல்லுவார்."

"எப்படி நிச்சயமாச் சொல்றீங்க?"

"பீன்ஸ் போட்டுப் பார்த்தாத் தெரியும்."

மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டான். அண்ணனின் அந்தப் பழக்கத்தை அவன் எத்தனை கிண்டல் செய்திருக்கிறான்! எந்த எரு வந்தாலும் அவர் நேராக டிரேக்குக் கொண்டுபோக மாட்டார். முதலில் பழைய கோப்பைகளில் நிரப்பி, பீன்ஸ் ஊன்றி, அடுக்களை ஜன்னலில் வைப்பார். கெடுதல் துளி இருந்தாலும் பீன்ஸ் முதலில் முகத்தைக் கோணும். "அண்ணன் எருவைப் பொண்ணு பார்க்கிறான், சொஜ்ஜியும் வேணுமாம்" என்று தம்பி சிரிப்பான். அவர் கண்டுகொள்ள மாட்டார். பீன்ஸ் நேராக முளைத்து இரண்டு இலை விரித்தால்தான் அந்த எருவுக்கு நர்சரிக்குள் நுழைய அனுமதி.

அவள் கோப்பைகளை எடுக்க அடுக்களைக்குப் போனாள். தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தாள். பழைய பக்கெட், கிழிந்த துணி, பாட்டில்கள். கோப்பைகளைக் காணோம்.

நிமிர்ந்தாள்.

ஜன்னலில் இருந்தன.

பாத்திரம் தேய்க்கிற சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில், காது உடைந்த கோப்பைகள், வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு பீன்ஸ் செடி. வளரவும் முடியாமல் சாகவும் முடியாமல், முறுக்கிக்கொண்டு, சுருண்டு, இலையை மூடி. மண்ணைத் தொட்டாள். ஈரம். காலையில் விட்ட தண்ணீர்.

விட்டது யார்? இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. எரு சலித்த அன்று, கைகள் தாமாகவே கோப்பைகளை எடுத்தன. கைகளே பீன்ஸ் ஊன்றின. ஒவ்வொரு காலையும் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, செம்பில் மிஞ்சியதை இவற்றுக்குத்தான் விட்டாள். முளைத்ததைப் பார்த்தாள். வளைந்ததைப் பார்த்தாள். சுருண்டதையும் பார்த்தாள். தினம் பார்த்தாள்.

விஷம் வைத்தது யாரென்று வெளியே இரண்டுபேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். சாட்சிகள் அத்தனைபேரும் இங்கே அடுக்களையில், முகத்தைக் கோணிக்கொண்டு, அவள் எப்போது கேட்பாளென்று நின்றுகொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் பின்னால் வந்து நின்றான். ஜன்னலைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். ஒரு கோப்பையை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தான்.

*

மறுநாள் காலை அவன் தயாராக வந்தான்.

"அண்ணி, நல்லாக் கேளுங்க. கோப்பையைத் தூக்கிக் குப்பையில போடுங்க. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இது ஏதோ நோய், மழையில வந்துச்சுன்னு சொல்லலாம். ரெண்டாவது, எரு கொடுத்தவனைக் காட்டி விடலாம். அது பொய்கூட இல்ல, அவன்தானே கொடுத்தான்? உங்க பேரு கெடாது. உங்களுக்குச் சீசன் நிக்கணுமா வேண்டாமா?"

"நீங்க ஏன் எனக்கு வழி சொல்றீங்க? நிக்கலன்னா உங்களுக்குத்தானே நல்லது?"

"அது வேற, இது வேற" என்றான், கொஞ்சம் கோபமாக. "தோக்கணும்னா வியாபாரத்துல தோக்கணும், இப்படி எருவாலயா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். யாரிடம் எதைச் சொன்னோமென்று ஞாபகம் வைக்க வேண்டும், முகத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். அவளிடம் அவ்வளவு சரக்கு இல்லை.

"வேனை எடுங்க தம்பி. எல்லார் வீட்டுக்கும் போகணும்."

போனார்கள். நாற்று வாங்கின ஒவ்வொரு வயலுக்கும். மெக்கானிக் வேனைவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருப்பான். அவள் இறங்கி வரப்பில் நடந்துபோய், பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே சேதியைச் சொல்லுவாள்.

"எருவுல களை மருந்து இருந்திருக்கு. பீன்ஸ் போட்டுச் சோதிச்சேன். கெட்டுப்போனதைத் தினமும் பார்த்தேன். பார்த்தும் கவனிக்கல. என் தப்பு. செடியைப் பிடுங்கிடுங்க, இனிமே காய்க்காது. வேரோட ஒட்டியிருக்கிற மண்ணையும் சேர்த்து எடுத்துடுங்க. புதுக் கலவையில நாத்து போடுறேன், லேட்டாத்தான் வரும். வேணும்னா தர்றேன்."

தொப்பிக்காரர் கத்தினார். "லேட்டா வந்து நான் என்ன தோரணமா கட்டுறது? மழை உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? பார்த்தும் கவனிக்கலையாம்! கண்ணு எங்கே இருந்துச்சு, பிடரியிலயா?" கையைக் காட்டி வேனை நோக்கி விரட்டினார். "அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வந்துடாதே!"

ஒருத்தர் வேறு நர்சரியில் சொல்லிவிட்டதாகக் கையை விரித்தார். ஒருத்தர் வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொன்னார். அவர் சொல்லச் சொன்ன குரல் வாசலில் தெளிவாகக் கேட்டது. வீட்டுத் தோட்டத்துக்கு மிளகாய் வாங்கின ஓர் அம்மாள் மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு, "ராத்திரி தூங்குறியா?" என்றாள்.

"தூங்குறேன்."

"அதுதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, புது நாற்று வந்தால் சொல்லியனுப்பச் சொன்னாள்.

கடைசியாக மாட்டுக்காரர். மெக்கானிக் இந்தத் தடவை வேனைவிட்டு இறங்கினான். ஸ்பேனரைக் கையில் எடுக்காத குறை. மாட்டுக்காரர் முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம், மழையில் நனைந்த அட்டைப்பெட்டிபோல, ஓரத்திலிருந்து தளர்ந்துகொண்டே வந்தது.

"பாட்டில்ல எழுதியிருக்கும் தங்கச்சி. நான் படிக்கல. புல்லுக்குன்னு கடைக்காரன் சொன்னான், அடிச்சேன்." எருக்குழிப் பக்கம் திரும்பினார். "என் மக வீட்டுக் காய்த்தோட்டத்துக்கும் இதைத்தான் கொடுத்தேன்."

அடிக்க வந்த மெக்கானிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"உங்க புல்லு நிலத்துக்கு இந்த எரு ஒண்ணும் செய்யாது, அண்ணே. திருப்பி எடுத்துக்குங்க" என்றாள் அவள்.

அன்று மாலைவரை அவரும் அவளும் ரேடியோவும் டிரேக்களைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சுருண்ட நாற்றுகள் ஒரு குவியல். கலவை ஒரு குவியல். மாட்டுக்காரர் அள்ளி அள்ளி டிரெய்லரில் போட்டார். வரிசை வரிசையாகக் காலி டிரேக்கள், பல் விழுந்த வாய்போலத் திறந்து கிடந்தன.

*

மழைக்காலம் முடிந்தது. புதுக் கலவையில் போட்ட நாற்று நன்றாகத்தான் வந்தது; வாங்கத்தான் ஆள் இல்லை. மிளகாய் அம்மாள் வந்தாள், அவள் சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். தொப்பிக்காரரின் வண்டி கேட்டைத் தாண்டி, நிற்காமல், அடுத்த ஊர் நர்சரிக்குப் போனது. மிஞ்சின தக்காளி நாற்று டிரேயிலேயே முற்றி, மஞ்சளடித்து வீணாயிற்று. எந்தக் கணக்கில் போட்டாலும் சீசன் நிற்கவில்லை.

குளிரின் முதல் காற்று வீசின ஒரு காலையில் மெக்கானிக் வந்தான். வேனில் கோடவுன்காரர் இருந்தார். கையில் அளவு டேப், கண்ணில் கூலிங் கிளாஸ். கேட்டுக்கு வெளியிலேயே நின்று கூரைகளை நோட்டம் விட்டார்.

"அண்ணி, உங்களுக்கே தெரியும்."

"தெரியும். சீசன் நிக்கல."

"மாடி ரூமுக்குப் புதுசாப் பெயிண்ட் அடிச்சிருக்கேன். ஃபேன் மாட்டியாச்சு. ஜன்னல் தெருப் பக்கம். காலைல உங்க ஓரகத்தி காபி கொண்டுவந்து கொடுப்பா. எழுந்திரிக்கக்கூட வேண்டாம். செடி, எரு, மண்ணு, ஒரு தொல்லை கிடையாது. எதையும் பார்க்க வேண்டாம், சும்மா இருக்கலாம்."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் அந்த அறையைக் கண்ணுக்குமுன் கொண்டுவந்து பார்த்தாள். பெயிண்ட் வாசனை. ஃபேன் சுற்றுகிற சத்தம். கட்டில்மேல் ஒரு பெண், காபி ஆறுவதுகூடத் தெரியாமல். மரத்த கன்னத்தில் ஊசி மருந்து தெளிகிறபோது வருமே, அந்தமாதிரி எங்கோ சுருக்கென்றது. என்னவென்று சட்டென்று புரியவில்லை. ஒரு வருஷமாகப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பயம்.

"தம்பி, நான் வரல."

"என்னது?"

"நிலத்தையும் கொடுக்கல. வரவும் இல்ல."

"அண்ணி, நீங்கதானே சரின்னு சொன்னீங்க? சீசன் நிக்கலன்னு இப்போ உங்க வாயாலேயே சொன்னீங்களே?"

"சொன்னேன். தோத்துட்டேன். பேச்சு மாறுறேன்."

"இது என்ன நியாயம்?"

"நியாயமே இல்ல."

மெக்கானிக் கோடவுன்காரரைத் திரும்பிப் பார்த்தான். வாதாடுகிறவளோடு வாதாடலாம். ஒப்புக்கொள்கிறவளை என்ன செய்வது?

"அங்கே வந்தா நான் எதையும் பார்க்காமலே இருந்துடுவேன், தம்பி" என்றாள். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. "காபி ஆறிப்போனா ஓரகத்தி சூடு பண்ணித் தருவா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. இங்கே நான் பார்க்கலன்னா ஒரு மாசத்துல செடி காட்டிக்கொடுத்துடும். தொப்பிக்காரர் வந்து கத்துவார். எனக்கு அது வேணும்."

"அவர்தான் வர மாட்டேன்னுட்டாரே?"

"வர வைக்கிறேன்."

கேட்டுக்கு வெளியே கோடவுன்காரர் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அது சுருட்டிக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவர்கிட்ட யார் சொல்றது?" என்றான் மெக்கானிக்.

"நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?"

"அண்ணன்கூட என்னை இப்படி ஏமாத்தினதில்ல." திரும்பி இரண்டு எட்டு வைத்தவன், நின்றான். "என் பங்குக்கு நான் என்ன பண்றது? வெறும் கையோட நிக்கவா? இதுக்கு ஒரு வழி பேசணும், அண்ணி. விட மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை வாங்க. பேசலாம். ஸ்பிரேயர் நாஸில் திரும்ப அடைச்சிருக்கு, ஸ்பேனரும் கொண்டுவாங்க."

அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கேட்டை நோக்கிப் போனான். அங்கே குரல்கள் உயர்ந்தன. வேன் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறதா என்று தேடிப்பார்த்தாள். இல்லை. அழுகை வருகிறதா? அதுவும் இல்லை. அந்தப் பயம் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

வலைக்குள் போனாள். குளிர்காலத்து மிளகாய் நாற்று, மூன்று இலைப் பருவம். முதல் டிரேக்கு முன்னால் குந்தினாள். ஓர் இலையைப் பிடித்து மேல்பக்கம் பார்த்தாள். திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். அடுத்த இலை. அடுத்த செடி. அவசரப்படவில்லை. ரேடியோ டிரேயோடு வந்து, என்ன தேடுகிறாளென்று புரியாமல், முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்னக்கா?"

அடிப்பக்கத்து நரம்போரம், குண்டூசித் தலையளவு, பச்சையோடு பச்சையாக ஒட்டிக்கொண்டு நாலைந்து.

"அசுவினிப் பூச்சி. இங்கே பாரு. இப்பத்தான் வந்திருக்கு" என்றாள். கட்டைவிரலால் அழுத்தித் துடைத்துவிட்டு அடுத்த டிரேக்கு நகர்ந்தாள்.